எய்யாத அம்பும் ஒரு வெற்றிதான்

பாரம்பரிய வில்வித்தையில் காலடி எடுத்து வைப்பவர்களுக்குக் கேமரன் மலையிலிருந்து சில பாடங்கள்

என் பாட்டியின் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. ஒரு சாண் நீளம் இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன பாட்டி?" என்று கேட்டால், "பன்னி முட்டினது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். முழுக் கதையும் எனக்குத் தெரிய வந்தது, நான் ஒரு வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போன அன்றுதான்.

வாரத்தில் ஐந்து நாள் கோலாலம்பூரில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிழைப்பு எனக்கு. ஏதாவது ஒன்றைக் கையால் செய்ய வேண்டும் என்ற ஏக்கத்தில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் இணையத்தில் ஒரு மர வில்லை வாங்கினேன். 45 பவுண்டு வில். "ஆம்பளைக்கு இதுதான் சரி" என்று யாரோ எழுதியிருந்ததை நம்பினேன். வில் வந்து மூன்றே வாரம். அந்த நேரத்தில் கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா மகன் போன் செய்தார். "தம்பி, பன்னி வந்து சக்கரவள்ளிக் கிழங்கையெல்லாம் தோண்டிப் போட்டிருச்சு" என்றார். "கவலைப்படாதீங்க அண்ணே, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அன்று எனக்கு இருந்த தைரியம் முழுவதும் அறியாமைதான்.

வாசலில் வில்லைப் பார்த்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது: "அம்பு தப்பிப் போச்சுன்னா எங்க போய் விழும்னு தெரியுமாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். இளவயதில் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். விடிந்தும் விடியாத நேரம், இடுப்பளவு தேயிலைச் செடி, எதிரில் இருப்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். முந்தின ராத்திரி யாரோ அடித்துக் காயப்படுத்திய காட்டுப்பன்றி ஒன்று வரிசைக்கு நடுவே படுத்துக் கிடந்திருக்கிறது. கூடையோடு உள்ளே நுழைந்த பாட்டியின் காலைக் கிழித்துவிட்டு ஓடிவிட்டது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

"பன்னி மேல எனக்குக் கோவமே இல்லடா. அது வலியில கெடந்துச்சு. அரைகுறையா அடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினான் பாரு, அவன் மேலதான் கோவம்" என்றார் பாட்டி.

அன்று வில்லை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வந்து, முறையான பயிற்சியாளர் ஒருவரிடம் முதலிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அப்படிக் கற்றதில், புதிதாக வில் எடுக்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

வில் நமக்குப் புதிதல்ல

சேரர்களின் சின்னம் வில். கண்ணப்ப நாயனார் வில்லேந்திய வேடர். வள்ளியைப் பார்க்க முருகன் தினைப்புனத்துக்கு வேடனாக வந்தார் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக ஊடுருவிச் சென்றதாக அந்தப் பாடல் சொல்லும். அந்த ஓரிக்கு இன்றும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசு விழா எடுக்கிறார்கள்; வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது.

கவி மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அவர் எதைப் புகழ்கிறார் என்று பாருங்கள். நிறைய அம்புகள் விட்டதை அல்ல. விட்ட ஒரே அம்பு வீணாகாததை.

ஏகலைவன் கதையிலும் வில்லாளிக்கு மட்டும் புரியும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குருதட்சணையாக ஏன் கட்டைவிரல்? இன்று ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் வீரர்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றாலும் நாணை இழுக்கிறார்கள். கட்டைவிரலுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் மங்கோலியா, கொரியா, துருக்கி போன்ற நாடுகளின் பழைய முறையில் கட்டைவிரலால்தான் நாணை இழுப்பார்கள். அதற்கென்று மோதிரம்கூட உண்டு. அந்த முறையில் பழகியவனிடம் கட்டைவிரலைக் கேட்டால், வில்லையே கேட்டதாக அர்த்தம். மலேசியாவில் பாரம்பரிய வில் பழகுவோரிடம் இந்த இரண்டு முறைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் முதல் ஆண்டில் இரண்டையும் கலக்கக் கூடாது.

மலையின் கருவி ஊதுகுழல்

கேமரன் மலை என்றதும் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நம் முன்னோர்கள் காடு வெட்டி, செடி நட்டு, லயன் வீடுகளில் வாழ்ந்த வரலாறு அதன் பிறகு. ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே இந்தக் காட்டில் வாழ்ந்து வருபவர்கள் செமாய் பூர்வகுடி மக்கள்.

அவர்களுடைய வேட்டைக் கருவி வில் அல்ல, சும்பிட் எனப்படும் ஊதுகுழல். கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளி உள்ள மூங்கிலைத் தேடி எடுத்து, ஒரு குழலுக்குள் இன்னொரு குழலைச் செருகிச் செய்வார்கள். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம், சில நேரம் அதற்கும் மேல் இருக்கும். பனை வகை மரங்களின் ஈர்க்கைச் சீவி மெல்லிய அம்புகள் செய்வார்கள். அதன் நுனியில் ஈப்போ மரத்தின் பாலைக் காய்ச்சிப் பூசுவார்கள். அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடும்.

அடர்ந்த மழைக்காட்டில், தலைக்கு மேல் கிளையில் இருக்கும் அணிலையும் குரங்கையும் பறவையையும் சத்தமில்லாமல் வீழ்த்த இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. தீபகற்பத்தின் வடபகுதியில் வாழும் நெகிரித்தோ மக்கள் முன்பு வில் வைத்திருந்தார்கள். அவர்களும் காலப்போக்கில் ஊதுகுழலுக்கு மாறிவிட்டார்கள். காடுதான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது.

செமாய் கிராமங்களுக்குச் செல்லும் சுற்றுப்பயணிகள் ஊதுகுழலை ஊதிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். நானும் ஊதினேன். குறிப்பலகையில் பட்டதும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "பலகை ஓடாது" என்று மலாயில் சொன்னார்.

ஒரு மருத்துவரின் குரு

அந்தப் பெரியவரின் சிரிப்பு எனக்கு இன்னொரு கதையை நினைவூட்டியது. நவீன வில் வேட்டை எங்கே தொடங்கியது என்று தேடினால், அதுவும் ஒரு பூர்வகுடி மனிதரிடம்தான் போய் நிற்கும்.

1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு வெளியே பசியால் வாடிய ஒருவரைக் கண்டார்கள். யாஹி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். அவரது மக்கள் வெள்ளையர்களால் கொல்லப்பட்டு அழிந்திருந்தார்கள். தன் பெயரை அவர் சொல்லவே இல்லை. அவரது மொழியில் மனிதன் என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லால் அவரை அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவருக்கு, பக்கத்து மருத்துவக் கல்லூரியில் வேலை செய்த சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் நண்பரானார். வில் செய்யவும், அம்பு செதுக்கவும், ஓசைப்படாமல் நடக்கவும் போப் அவரிடம் கற்றுக்கொண்டார். 1916இல் காசநோயால் இஷி இறந்தார். 1923இல் போப் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் ஒரு தலைமுறையையே வில்லின் பக்கம் இழுத்தது.

இலக்குப் பலகையில் தொலைவிலிருந்து எய்வதில் இஷி பெரிய சூரர் இல்லையாம். அவருடைய திறமையெல்லாம் விலங்கின் மிக அருகில் போவதில் இருந்தது. காற்று எந்தப் பக்கம், சருகு எங்கே, விலங்கு தலையைத் திருப்புவது எப்போது என்று பார்த்துப் பார்த்து நெருங்குவார். குறி பார்ப்பது கடைசி ஒரு நொடி வேலைதான்.

எவ்வளவு அருகில் போக வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 45 பவுண்டு வில்லிலிருந்து புறப்படும் அம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 50 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். 20 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்குக்கு நாணின் சத்தம் 0.06 நொடியில் கேட்டுவிடும். அம்பு போய்ச் சேர 0.4 நொடி ஆகும். இடையில் இருக்கும் அந்த நேரத்தில் விலங்கு குனிந்துவிடலாம், திரும்பிவிடலாம். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் பாயும். பாட்டியை முட்டிய பன்றிக்கும் இப்படி ஏதோ ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள பாரம்பரிய வில் வேட்டைக்காரர்கள் 20 மீட்டருக்குள் வராத விலங்கின் மீது அம்பை விடுவதில்லை. பலர் 15 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலில் சட்டம்

"அப்படியானால் மலேசியாவில் வில்லோடு காட்டுக்குள் போகலாமா?" நான் சந்தித்த ஒவ்வொரு புதியவரும் இதைத்தான் கேட்கிறார்.

சும்மா போக முடியாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, தீபகற்ப மலேசியாவில் நடைமுறையில் இருக்கிறது. காட்டுப்பன்றி உட்படப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளை வேட்டையாட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்குகளை விளையாட்டுக்காகத் தொடவே முடியாது. உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம், சிறை இரண்டுமே உண்டு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் இன்னும் கடுமையாகின. பூர்வகுடி மக்கள் மட்டும் தங்கள் உணவுக்காக, விற்பனைக்கு அல்லாமல், குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அது அவர்களுடைய வாழ்வுரிமை. நண்பர் ஒருவர் செமாய்க்காரர் என்பதால் நமக்கும் அந்த உரிமை வந்துவிடாது.

கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டைத் தடை வந்த காரணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவை மலாயாப் புலியின் உணவு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி நம் காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. நாம் ஒரு மானை எடுத்தால் அது புலியின் தட்டிலிருந்து எடுத்ததுதான்.

ஆகவே வேட்டை ஆசை உள்ளவர்கள் செய்ய வேண்டியது இது. எந்த விலங்கு, எந்தப் பருவம், எந்தக் கருவி என்பதை மாவட்ட பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வில்லுக்கு அனுமதி உண்டா என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேறு வேண்டும். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம். அங்கே நாள் முழுவதும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வில் வேட்டைக்குத் தனிப் பருவமே உண்டு. பிரிட்டனில் வில்லால் வேட்டையாடுவதே குற்றம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை.

முதல் வில் எப்படி இருக்க வேண்டும்?

என் 45 பவுண்டு வில்லைப் பார்த்த பயிற்சியாளர் கேட்டார்: "இழுத்துப் பிடிச்சு பத்து எண்ணுங்க பார்ப்போம்." நாலு எண்ணுவதற்குள் கை நடுங்கியது. "இதுல நீங்க வில்வித்தை கத்துக்க மாட்டீங்க, தோள் வலிதான் கத்துக்குவீங்க" என்றார்.

வில்லின் பலத்தைப் பவுண்டில் சொல்வார்கள். நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அந்த எண். பெரியவர்கள் 20 முதல் 25 பவுண்டில் தொடங்கினால் போதும். உடல் பலம் நன்றாக இருந்தால் 30. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 15க்கும் கீழே. "சின்ன வில்லா?" என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 25 பவுண்டு என்பது ஏறக்குறைய 11 கிலோ. ஒரு மாலையில் அறுபது அம்பு விட்டுப் பாருங்கள், தெரியும்.

இழுக்கும் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5ஆல் வகுங்கள். 165 சென்டிமீட்டர் என்றால் 66 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டுக் கணக்கு பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு உரியது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும்.

எந்தக் கண் ஆதிக்கமானது என்பதையும் பார்க்க வேண்டும். இரு கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள் இருக்கிறதோ, அதுவே உங்கள் கண். வலது கண் என்றால் வலது கையால் நாணை இழுப்பது நல்லது.

கேமரன் மலை போன்ற ஈரமான இடத்தில் வில்லின் பொருளும் முக்கியம். கொம்பு, விலங்கு நரம்பு, தோல் பசை ஆகியவற்றால் செய்யும் பழைய முறை வில்கள் வறண்ட நாடுகளுக்கு உரியவை. நம் ஈரக்காற்றில் அந்தப் பசை இளகிவிடும். மரமும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்த வில் புதியவருக்குப் போதும். பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டு வைக்கக் கூடாது. இறகு வைத்த அம்பு மழையில் நனைந்தால் இறகு படிந்து, அம்பு ஒழுங்காகப் பறக்காது. மூடிய அம்பறாத்தூணி நல்லது.

அம்பை வில்லுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும். நாண் தள்ளும்போது அம்பு நேராகப் போவதில்லை. பாம்புபோல் நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. பலமான வில்லுக்கு வளையாத அம்பு, பலம் குறைந்த வில்லுக்குச் சற்று வளையும் அம்பு. இது பொருந்தாவிட்டால் நீங்கள் எவ்வளவு நன்றாக எய்தாலும் அம்பு பக்கவாட்டில் ஓடும்.

கடைசியாக ஒன்று. அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள் திரும்பி, வில் உடைந்து முகத்தில் தெறிக்கலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முதலில் செய்வது இதைத்தான். அதனால் நாணேற்றிய வில்லைக் கூடத்தில் மாட்டி வைக்காதீர்கள்.

முதல் மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் குறியே கிடையாது. இலக்குக் கட்டைக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் நின்று, வெறுமனே எய்ய வேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் எய்யலாம். தோளும் முதுகும் என்ன செய்கின்றன என்பதை உடம்பு அப்போதுதான் கவனிக்கும்.

பாதங்கள் தோள் அகலத்தில். வில் பிடித்த கை இறுக்கமில்லாமல். இழுப்பது கையால் அல்ல, முதுகுச் சதையால். இழுத்த விரல் ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தைத் தொட வேண்டும். பலருக்கு அது வாயோரம். அந்த இடம் அரை அங்குலம் மாறினாலும் பத்து மீட்டருக்கு அப்பால் அம்பு வெகுதூரம் மாறிப் போகும். விடுவது என்பது விரலைத் திறப்பது அல்ல, பிடிப்பதை நிறுத்துவது. அம்பு போய்ச் சேரும்வரை கை இறங்கக் கூடாது.

மூன்றாம் வாரத்தில் ஐந்து மீட்டர். அடுத்த மாதம் பத்து. தூரத்தைக் கூட்டுவதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்களவு சுமார் 20 சென்டிமீட்டர். மான் போன்ற விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய அந்த அளவுதான். ஆறு அம்பில் ஆறும் தட்டுக்குள் விழுந்தால் மட்டும் ஒரு மீட்டர் பின்னால் போகலாம். ஐந்து விழுந்தால் போதாது. அந்த ஆறாவது அம்புதான் தேயிலை வரிசைக்குள் படுத்துக் கிடக்கும் பன்றி.

அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கடைசி ஐந்து அம்புகளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அன்றைய முதல் அம்பு எங்கே விழுந்தது? உடம்பு சூடேறாமல், சட்டென்று நின்று விட்ட அம்பு? காட்டில் கிடைப்பது அந்த ஒரே அம்புதான். எனக்கு 12 மீட்டரில் இந்தத் தேர்வைத் தாண்ட ஏழு மாதம் ஆயிற்று. இன்றும் 15 மீட்டரைத் தாண்டவில்லை.

மலைச்சரிவு சொல்லும் பாடம்

சமதளத்தில் பழகியவர் மலைச்சரிவில் நின்றால் அம்பு மேலே போய்விடும். மேல்நோக்கி எய்தாலும் சரி, கீழ்நோக்கி எய்தாலும் சரி. புவியீர்ப்பு கணக்கில் எடுப்பது சரிவின் நீளத்தை அல்ல, கிடைமட்டத் தூரத்தை. 30 பாகைச் சரிவில் 20 மீட்டர் என்பது கிடைமட்டத்தில் 17 மீட்டர் சொச்சம்தான். அதைவிடப் பெரிய தவறு, கையை மட்டும் தூக்குவது அல்லது தாழ்த்துவது. இடுப்பிலிருந்து வளைய வேண்டும். தோளும் கையும் சமதளத்தில் இருந்த அதே வடிவில் இருக்க வேண்டும்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 25 பவுண்டு வில்லின் அம்புகூட நூறு மீட்டருக்கு மேல் பறக்கும். பின்னால் மண்மேடு இருந்தால் எய்யலாம். வானம் தெரிந்தால் எய்யக் கூடாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது கொழுந்து பறித்துக்கொண்டிருக்கலாம்.

இந்தக் காட்டைச் சாதாரணமாகவும் நினைக்கக் கூடாது. 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து மாலையில் வெளியே போனார். திரும்பவே இல்லை. காவல்துறை, இராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள் என்று பல நாள் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இன்றுவரை அது விடை தெரியாத புதிர். தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கொல்லாத வேட்டை

உரிமம் கிடைக்கவில்லை, அல்லது கொல்ல மனமில்லை. அப்போது வில்லைக் கீழே வைத்துவிட வேண்டுமா? தேவையே இல்லை. விலங்கு வடிவ நுரைப் பொம்மைகளைக் காட்டுப்பாதையில் தூரம் சொல்லாமல் வைத்து, நடந்து போய் எய்யும் விளையாட்டு உலகெங்கும் நடக்கிறது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது, சரிவில் நிற்பது, கிளை மறைக்காத கோணத்தைத் தேடுவது என்று வேட்டையின் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. இரத்தம் மட்டும் இல்லை. குடும்பத்தோடு போகலாம், என் பத்து வயது அக்காள் மகள் என்னைவிட நன்றாக எய்கிறாள்.

வேட்டை வில் விளையாட்டு வில்லாக மாறிய கதைக்கு லிம்பா ராமைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ராஜஸ்தான் உதய்ப்பூர் பகுதியின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மூங்கில் வில்லால் பறவைகளை வேட்டையாடியவர். 1987இல் தேர்வாளர்கள் கண்ணில் பட்டார். மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் பிரிவில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டில் பழகிய கண்ணுக்குப் பலகையிலும் மதிப்பு உண்டு.

பெரியப்பா மகனின் தோட்டத்துக்குத் தீர்வு வில்லில் இல்லை என்பதும் பிறகு புரிந்தது. தோட்டத்தைச் சுற்றித் துத்தநாகத் தகடு அடித்தோம். பன்றி தோண்டும் இடத்தில் தகட்டை ஓரடி மண்ணுக்குள் இறக்கினோம். இரண்டு சனிக்கிழமை வேலை. கிழங்கு பிழைத்தது.

போன பொங்கலுக்கு மலைக்குப் போனபோது வில்லையும் எடுத்துப் போயிருந்தேன். புதிய வில், 28 பவுண்டு. வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டுக்கு முன்னே இலக்குக் கட்டையை வைத்து, பத்து மீட்டரில் நின்றேன். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்தேன். அதே நொடியில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று மேட்டின் ஓரத்தில் தலையை நீட்டியது. குறியிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் இருந்தது. இருந்தாலும் நாணை மெல்லத் தளர்த்தி, வில்லைத் தாழ்த்தினேன்.

"ஏன் விடல?" என்றார் பாட்டி.

"கோழி நிக்குது பாட்டி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்து, தேநீர் போட உள்ளே போனார்.